கடைசி வரிசைக்காரர்கள்

2024 அக்டோபரில் ஃபுளோரிடாவைத் தாக்கிய மில்டன் புயல், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள டிராபிகானா விளையாட்டரங்கின் கூரையைக் கிழித்தெறிந்தது. வெண்ணிறக் கூரைத்துணி கந்தலாகத் தொங்க, அதைத் தாங்கிய இரும்பு வடங்கள் விலா எலும்புகள் போல் வெளியே தெரியும் புகைப்படம் ஒன்றை என் பேரன் ஆரிஃப் எனக்கு அனுப்பியிருந்தான். படத்தின் கீழே ஒரே ஒரு வரி: "நன்னா, நாம் உட்கார்ந்த இடம்."

அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அப்போது அவனுக்கு வயது பத்து.

நான் விளையாட்டு வீரனும் அல்லன். விளையாட்டு ரசிகனும் அல்லன். நாகப்பட்டினத்தில் ஒரு மளிகை மண்டியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். பேரேட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தால் ஒரு வியாபாரி தேறுவானா, மூழ்குவானா என்று சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாளைய கர்வம். முதலாளியும் அப்படித்தான் நம்பினார். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று என்னைக் கேட்காமல் அவர் சரக்கு ஏற்றியதில்லை.

ஓய்வு பெற்றபின், டாம்பா நகரில் வாழும் மகள் அழைத்தாள். நானும் என் மனைவியும் ஆறு மாத விசாவில் 2008 ஏப்ரல் நடுவில் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் கால் வைத்த அன்றே ஆரிஃப் என் முன்னால் ஒரு கேள்வியை வைத்தான். "நன்னா, எங்க ரேஸ் இந்த வருஷம் டிவிஷன் ஜெயிக்குமா?"

ரேஸ் என்பது அவ்வூர் பேஸ்பால் அணி. அதற்கு முந்தைய ஆண்டு வரை அதன் பெயர் டெவில் ரேஸ். ஆனைத்திருக்கை மீனைக் குறிக்கும் பெயர். 2007 நவம்பரில் 'டெவில்' என்பதை நீக்கிவிட்டார்கள். பிசாசை விரட்டிய பிறகு மிஞ்சிய சொல்லுக்குத் திருக்கை என்றும் பொருள், கதிர் என்றும் பொருள். கடற்கரையூரில் பிறந்த எனக்குத் திருக்கை மீனைத் தெரியும், திருக்கைவாலால் அடிவாங்கிய கதைகளும் தெரியும். பேஸ்பால் மட்டும் தெரியாது.

பையன் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். அங்கே முப்பது அணிகள். அவை இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கும் மூன்று பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அணியும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முடிய, ஏறக்குறைய நாள் தவறாமல், 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றின் முடிவில் தன் பிரிவில் முதலில் நிற்கும் அணிக்கே பிரிவுப் பட்டம். ரேஸ் இருந்தது அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவு. உடன் இருந்தவை நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், டொராண்டோ, பால்டிமோர். யாங்கீஸ் அந்த நாட்டின் மிகச் செல்வமான அணி. பாஸ்டன் 2007இல் உலகத் தொடர் வென்ற அணி.

"சரி, உங்கள் அணியின் பழைய கணக்கு என்ன?" என்றேன்.

சொன்னான். 1998இல் தொடங்கிய அணி. பத்து ஆண்டுகள் ஆடியதில் ஒன்பது ஆண்டுகள் கடைசி இடம். 2004இல் மட்டும் கடைசிக்கு முந்திய இடம். அந்த ஆண்டு வென்ற எழுபது ஆட்டங்களே அதுவரை அதன் உச்சம். 2007இல் 66 வெற்றி, 96 தோல்வி. முப்பது அணிகளிலும் அதைவிட மோசமாக ஆடிய அணி இல்லை.

சம்பளப் பட்டியலையும் கேட்டேன், கணக்குப்பிள்ளை புத்தி. மருமகன் கணினியில் பார்த்துச் சொன்னார். யாங்கீஸ் அந்த ஆண்டு தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 20 கோடியே 90 லட்சம் டாலர். ரேஸ் கொடுத்தது ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம். ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறும், அவ்வளவுதான்.

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பத்து வருடப் பேரேடு, முதலீடு ஐந்தில் ஒன்று. "இல்லை தம்பி, ஜெயிக்காது. வேறு அணியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். பையன் வாதாடவில்லை. சட்டையின் மார்பைக் காட்டினான். அதில் '9 = 8' என்று அச்சிட்டிருந்தது. பயிற்சியாளர் ஜோ மேடன் கொடுத்த வாசகமாம். ஒன்பது பேர் ஒன்பது இன்னிங்ஸும் முழு மூச்சாக ஆடினால், அடுத்த சுற்றுக்குப் போகும் எட்டு அணிகளில் ஒன்றாகிவிடலாம் என்பது பொருள். "இப்படி எழுதிய கணக்கனை எங்கள் மண்டியில் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான், ஆனால் அந்தச் சட்டையைத்தான் வாரம் மூன்று நாள் போட்டுக்கொண்டான்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போன பெற்றோர் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அங்கே பகல் மிக நீளம். பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் நடமாட்டம் இல்லாத தெரு, ஓசை இல்லாத வீடு. தபால்காரர்கூடக் கீழே இறங்காமல் வண்டியிலிருந்தே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பகலைக் கழிக்கத்தான் முதலில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே எனக்கொரு வியப்பு காத்திருந்தது. முந்தின நாள் ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டத்துக்குள், பெயர் பெயராக, பத்தி பத்தியாக, எண்களாக அடைக்கப்பட்டிருந்தது. யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை ஓட்டம், யார் பிழை செய்தார், எவர் பந்துவீச்சில் எத்தனை போயிற்று என்று எல்லாம் இருந்தன. கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் நேராக நின்றது. நாள்வழிச் சிட்டா! பேஸ்பாலை அதன் சிட்டா வழியாகவே நான் புரிந்துகொண்டேன்.

அணியும் எதிர்பாராதவாறு ஆடிக்கொண்டிருந்தது. ஜூன் முடிவிலும் ஜூலை தொடக்கத்திலும் பாஸ்டன் அணி அவ்வூருக்கு வந்து மூன்று ஆட்டங்கள் ஆடிற்று, மூன்றிலும் தோற்றது. அவற்றில் ஒன்றுக்குத்தான் மருமகன் எங்களை அழைத்துச் சென்றார். வெளியே ஆவி பறக்கும் வெயில். உள்ளே கூரைக்குக் கீழே குளிர்சாதனத்தின் இதம். மாட்டுக் கழுத்தில் கட்டும் மணியை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுகிறார்கள், காது அடைத்துப்போகிறது. ஆட்டத்திடலின் சுவருக்கு அப்பால் ஒரு தொட்டி. அதில் உயிருள்ள திருக்கைகள் நீந்துகின்றன, குழந்தைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். எங்களைச் சுற்றிலும் பாஸ்டன் ஆட்களின் சிவப்புச் சட்டைகள். சொந்த ஊரிலேயே விருந்தாளி போல் இருந்தான் ஆரிஃப். அன்று ரேஸ் வென்றதும் அவன் மணியை ஆட்டவே மறந்து நின்றது நினைவிருக்கிறது.

ஜூலை 6ஆம் தேதி ரேஸ் 55 வெற்றி, 32 தோல்வியுடன் பாஸ்டனைவிட ஐந்து ஆட்டம் முன்னே இருந்தது. பிறகு தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. முதலிடம் போயிற்று.

ஏழாவது தோல்வியன்று பையன் சாப்பிட வரவில்லை. நான் அவன் அறைக்குப் போய், ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "நான்தான் முதல் நாளே சொன்னேனே. கடைசி வரிசைக்காரர்கள் கடைசியில் தங்கள் இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஆசைப்பட்டு ஏமாறாதே" என்றேன். திரும்பி அடுக்களைக்கு வந்தபோது மகள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பாராமலே சொன்னாள்:

"சின்னவனுக்கும் நீங்க இப்படித்தான் கணக்குப் பார்த்துச் சொன்னீங்க, அத்தா."

என் மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

சின்னவன் என்பது என் இளைய மகன். 1991இல் பி.காம். தேறியவுடன் சென்னைக்குப் போய்ப் பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர வேண்டுமென்று விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தான். நான் கணக்குப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்ததே அவன் தலைமுறைதான். அந்தத் தேர்வில் எழுதுகிறவர் கூட்டம் பெரிது, தேறுகிறவர் கொஞ்சம். சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, எத்தனை ஆண்டு ஆகுமோ தெரியாது. "நமக்கு எட்டாதது" என்று சொன்னேன். அந்தப் படிவத்தைப் பேரேட்டுக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் மண்டியில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். நான் ஓய்வு பெற்றதும் என் மேசைக்கு வந்தான். இதைப்பற்றி ஒரு நாளும் அவன் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவன் தங்கை சொல்லும் வரை இது சொல்லத்தக்க விஷயம் என்று எனக்குத் தோன்றியதுமில்லை.

மறுநாள் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கிவரச் சொன்னேன். ரேஸ் அணியின் கணக்கைக் கடைசி வரியிலிருந்து அல்ல, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன். இதை வீம்பு என்றாலும் சரி, பிராயச்சித்தம் என்றாலும் சரி.

எழுத எழுத, நான் படிக்காமல் விட்ட பத்திகள் தெரிந்தன. முதலாவது, சம்பளம். அங்குள்ள விதிப்படி புதிதாக வரும் ஆட்டக்காரர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தன்னைக் கொண்டுவந்த அணியை விட்டுப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே பெறுவார். 2008இல் அது 3 லட்சத்து 90 ஆயிரம் டாலர். ஆக, பெரிய சம்பளம் என்பது பெரிய திறமைக்கு மட்டுமல்ல, பெரிய வயதுக்கும் சேர்த்துக் கொடுப்பது. இருபத்திரண்டு வயதில் அதே திறமை மலிவாகக் கிடைக்கிறது. இரண்டாவது, மிக மோசமாகத் தோற்ற அணிக்கே புதிய இளைஞர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது இருந்தது. பத்து ஆண்டு அவமானத்தில் ரேஸ் சேர்த்துவைத்த சொத்து இதுதான். நான் வந்து சேர்ந்த அதே ஏப்ரல் மாதத்தில் அணியில் சேர்ந்த ஈவன் லாங்கோரியா அப்படி வந்தவர். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற பரிசும் பின்னர் பெற்றார்.

மூன்றாவது பத்திதான் என்னை உட்காரவைத்தது. 2007இல் ரேஸ் அடித்த ஓட்டங்கள் 782. எதிரிகளுக்குக் கொடுத்தவை 944. 2008 முழுவதையும் பின்னால் ஐந்தொகை போட்டுப் பார்த்தால், அடித்தவை 774, கொடுத்தவை 671. வரவு எட்டு குறைந்திருக்கிறது! செலவோ 273 குறைந்திருக்கிறது. அதிகாரிகள் செய்தது அவ்வளவுதான். ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் என்ற இளம் நிர்வாகி, பங்குச் சந்தைத் தெருவிலிருந்து வந்தவர், பேர்பெற்ற மட்டையாளர் டெல்மன் யங்கைக் கொடுத்துவிட்டு, மாட் கார்ஸா என்ற பந்துவீச்சாளரையும், தரையில் உருண்டுவரும் பந்தைத் தவறவிடாத ஜேசன் பார்ட்லெட்டையும் வாங்கியிருந்தார். பெரிய அணிகள் விலை கொடுத்து வாங்குவது அடிப்பவரை. தடுப்பவருக்குச் சந்தையில் அவ்வளவு கிராக்கி இல்லை. இதை எந்த மளிகை வியாபாரியும் ஒரு நொடியில் புரிந்துகொள்வான். லாபம் விற்பனையில் மட்டுமா இருக்கிறது? எலி தின்பதையும் மூட்டையில் சிந்துவதையும் நிறுத்தினாலே போதாதா?

இன்னொன்றும் கண்டேன். கடைசி இடத்தில் வந்த 2007இலும் அந்த அணி 66 ஆட்டங்களில் வென்றிருந்தது. அந்தப் பிரிவில் முதலிடம் பெற 2007இல் பாஸ்டனுக்குத் தேவைப்பட்டவை 96 வெற்றி. இடைவெளி முப்பது ஆட்டம். ஆறு மாத காலத்தில் வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். மேலிருந்து பார்த்தபோது மலையும் மடுவுமாகத் தெரிந்தது, வாரத்துக்கு ஓர் ஆட்டம்! ஒரு நாள் பந்தயம் என்றால் அதிர்ஷ்டத்தால் யாரும் யாரையும் வெல்லலாம். அது ஒன்றையும் நிரூபிக்காது. 162 ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மீதி நிற்பது உள்ளது உள்ளபடி. பிரிவுப் பட்டத்தை வலியவன் சொத்து என்று நான் நினைத்ததற்குக் காரணமே அந்த நீளம்தான். ஆனால் நிஜமாகவே முன்னேறியிருக்கும் எளியவனுக்கும் அந்த நீளமே சாட்சி சொல்லும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் லாங்கோரியாவின் மணிக்கட்டைப் பந்து தாக்கியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆட முடியவில்லை. அதே வாரத்தில் பழம்பெரும் வீரர் கார்ல் கிராஃபோர்டுக்கு விரலில் காயம். அப்டன் என்ற இளைஞர் முழு வேகத்தில் ஓடவில்லை என்பதற்காக மேடன் அவரை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே உட்காரவைத்தார். ஆள் பஞ்சமான நேரத்தில்! நான் முதலாளியாக இருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பேன். அந்த ஆகஸ்டில் ரேஸ் 21 ஆட்டங்களில் வென்று ஏழில் மட்டுமே தோற்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன்; பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வாக்கை அவன் இனி கேட்கவும் இல்லை.

செப்டம்பரில் நோன்பு பிறந்தது. 8ஆம் தேதி பாஸ்டன் நகரில் ரேஸ் தோற்றபோது, இடைவெளி அரை ஆட்டமாகச் சுருங்கியது. அந்த ஆண்டு அந்தத் திடலில் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் ரேஸ் தோற்றிருந்தது. மறுநாள், நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையுடன் சற்றுப் பார்த்துவிட்டுத் தராவீஹுக்குப் போனோம். திரும்பி வந்தபோது கடைசி இன்னிங்ஸ்; பாஸ்டன் 4, ரேஸ் 3. பந்து வீசியவர் பேபல்பான். ஆட்டத்தை முடித்துவைப்பதற்கென்றே இருந்த, அஞ்சத்தக்க மனிதர். அவருக்கு எதிரே மட்டையுடன் வந்தார் டான் ஜான்சன் என்பவர். கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவரை அன்றுதான் அழைத்திருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே ஆட வேண்டியவர். விமானம் தாமதமானதால் ஆட்டம் தொடங்கிய பிறகே வந்து சேர்ந்திருந்தார். "இவர் யார்?" என்றேன். "தெரியாது நன்னா" என்றான் ஆரிஃப்.

அடித்தார். பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. ஆட்டம் சமம். சிறிது நேரத்தில் இன்னோர் ஓட்டமும் வந்து, ரேஸ் 5–4 என வென்றது. மறுநாளும் பதினான்கு இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் வென்றது. என் மனைவிக்கு ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. "அந்தப் பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்துச்சே" என்று ஜான்சனுக்காக மகிழ்ந்தாள்.

பட்டம் கிடைத்த நாள், செப்டம்பர் 26, ஒரு வேடிக்கையான நாள். அன்று ரேஸ் டெட்ராய்ட்டில் தோற்றது. அதே இரவு பாஸ்டனை யாங்கீஸ் 19–8 என்று புடைத்தெடுத்ததால் பட்டம் ரேஸுக்கு உறுதியாயிற்று. ஏழையின் கடனைக் கோடீசுவரன் அடைத்துவைத்தது போல! இறுதிக் கணக்கு: ரேஸ் 97 வெற்றி, பாஸ்டன் 95, யாங்கீஸ் 89. அடுத்து நடந்தவற்றை ஊர் திரும்பிய பிறகு தொலைபேசியில்தான் கேட்டேன். பாஸ்டனையே ஏழு ஆட்டத் தொடரில் வென்று லீக் பட்டமும் பெற்றார்கள்; உலகத் தொடரில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றார்கள். வளர்த்த பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் வசதி அந்த வீட்டுக்கு இல்லை. கிராஃபோர்டை 2010க்குப் பிறகு பாஸ்டனே பெரும்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டது. 2014இல் ஃப்ரீட்மனும் மேடனும் பெரிய அணிகளுக்குப் போனார்கள். ஆயினும் 2010, 2020, 2021 ஆண்டுகளில் அதே பிரிவில் மறுபடியும் முதலிடம் பெற்றார்கள். கூரை பறந்தபின் 2025இல் அவர்கள் சொந்த ஆட்டங்களை ஆடியது, யாங்கீஸ் அணி டாம்பாவில் வைத்திருக்கும் பயிற்சித் திடலில்.

செப்டம்பர் 26 இரவுக்குத் திரும்புகிறேன். ரேஸ் தோற்றதைப் பார்த்துவிட்டு ஆரிஃப் சோர்ந்து தூங்கிப்போயிருந்தான். பாஸ்டன் ஆட்டம் முடியும்வரை நான் மட்டும் தொலைக்காட்சியின் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். சஹருக்கு அவனை எழுப்பி, நோட்டைக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். "நன்னா, நீங்க ஜூலையிலிருந்து எழுதுறீங்களா?" என்றான். பட்டத்தைவிட அதுதான் அவனுக்கு வியப்பாக இருந்தது போலும்.

விடியுமுன் சின்னவனுக்குத் தொலைபேசி செய்தேன். நாகப்பட்டினத்தில் அப்போது பிற்பகல், மண்டியில் இருந்தான். அரிசி விலையைச் சொன்னான், பெருநாளைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதைச் சொன்னான். நான் சொல்ல நினைத்தது வேறு. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பேஸ்பால் கதையைத் தொடங்கிவிட்டேன். பத்து ஆண்டு கடைசியில் கிடந்த அணி, ஐந்தில் ஒரு பங்குச் சம்பளம், நான் ஜெயிக்காது என்று சொன்னது, ஜெயித்தது, எல்லாம். அவன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மரியாதைக்குக் கேட்கிறான் என்றே நினைத்தேன்.

"மொத்தம் எத்தனை ஆட்டம் அத்தா?"

"நூற்று அறுபத்திரண்டு."

எதிர்முனையில் தராசுத் தட்டு ஒன்று இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. யாரோ மூட்டை எடை கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். பிறகு என்னிடம் கேட்டான்:

"அத்தனையும் ஆட விட்டாங்களா?"